அக்காவுக்கு நெஞ்சு வலி வர வேண்டும்

ஐயோவாவில் சுகமாக இருக்கும் என் அன்பு அக்கா மார்வாவுக்கு, வயோமிங்கில் அவ்வளவு சுகமாக இல்லாத தம்பி ஆர்லன் எழுதிக்கொண்டது.

இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் உன் நலம் கொஞ்சம் கெட வேண்டும். ஜோலீனின் போனுக்குக் கூப்பிட்டு, நெஞ்சு வலிக்கிறது, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சொல். மூன்று மோட்டார் சைக்கிள்களும் உடனே உன் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். என் போன் ஹெல்மெட்டோடு இணைந்திருக்கிறது. நான் தும்மினாலும் மனைவி ஜோலீன், மகள் பிரிட்டா இருவர் காதிலும் கேட்கும். அதாவது, நேற்று வரை கேட்டது.

உனக்குத் தெரியாததா? மூன்று வருஷம் முன்பு பிரிட்டா வண்டியிலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, அவளைக் கேட்காமல் அந்த வண்டியை விற்றவன் நான். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது அவளே கூப்பிட்டு, "மூணு பேரும் ஒரேகான் கடல் வரைக்கும் போவோம்பா" என்றபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுத்தவன், எதைப் பார்த்தாலும் அது எப்படி அறுந்து விழும் என்றுதான் பார்ப்பேன். நேற்றுக் காலை "மெதுவா, மெதுவா" என்று ஹெல்மெட்டுக்குள் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். "ஆர்லன், இன்னொரு தடவை சொன்னே, உன் வாயை அணைச்சிடுவேன்" என்றாள் ஜோலீன். சொன்னபடியே இருவரும் என் குரலை அணைத்துவிட்டார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போடும் இடத்தில் எல்லோருமே மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டோம். எங்கள் வழக்கப்படி முன்னால் பிரிட்டா, நடுவில் ஜோலீன், கடைசியில் நான். இரண்டு மஞ்சள் கோட்டுகள் கிளம்பின, நானும் பின்னாலேயே கிளம்பினேன். அறுபது மைல்! வழியெல்லாம் அவர்கள் ஓட்டிய நிதானத்தைப் பார்த்து, என் பேச்சு கடைசியில் எடுபட்டுவிட்டது என்று கண்கலங்கினேன் அக்கா. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றதும் ஓடிப்போய் முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்து, "இப்படித்தான் ஓட்டணும் என் செல்லமே" என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் மார்பு வரை வெள்ளைத் தாடி.

"யாருப்பா நீ? அறுபது மைலா பின்னாடியே வர்றே. போலீசுன்னு பயந்து பொறுமையா ஓட்டினோம்!"

போனில் சிக்னல் இல்லை. தாடிக்காரர் நெப்ராஸ்காக்காரராம், நல்ல மனிதர். காபியும் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரமும் வாங்கிக் கொடுத்தார். நான் வாசலைப் பார்த்தபடியே அதைக் கிளறிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்ட நனைந்து ஜோலீனோடு பிரிட்டா உள்ளே வந்தாள். முழங்கால் வரை சேறு.

"ரோட்டோரப் பள்ளம் ஒண்ணு விடாம இறங்கிப் பார்த்தேம்பா. நீ இங்க ஆப்பிள் பை தின்னுக்கிட்டிருக்கே!" என்று கத்தினாள். பிறகு என் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அதிலிருந்து என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. எனக்காக அந்த ஈர ரோட்டில் எங்கெல்லாம் பாய்ந்தாளோ! வேண்டாம் அக்கா, கடல் எங்கும் ஓடிப்போகாது. நன்றாக முனகு.

டெல்மர் அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரன் பேத்திகள் நாலு சக்கரத்தில் மட்டுமே பயணம் செய்து நீடூழி வாழ ஆசிகள்.

உன் தம்பி,
ஆர்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், அதனால் அதன் முதுகில் எழுதுகிறேன். முதலில் இதைப் படி. இப்போதுதான் பிரிட்டா என் விடுதி அறைக் கதவைத் தட்டினாள். "நாளைக்கு நீ முன்னாடி போப்பா. நீ பின்னாடி வந்தா நான் கண்ணாடியில உன்னையே பார்க்குறேன், ரோட்டைப் பார்க்குறதில்ல. உன் வேகத்துலயே வர்றோம்" என்றாள். அக்கா, உனக்கு நெஞ்சு வலியே கிடையாது. நிஜமாகவே வலித்தால் அத்தானிடம் சொல். என்னைக் கூப்பிடாதே, நான் முன்னால் போய்க்கொண்டிருப்பேன்.