ஜானவாசத்துக்கு வந்த டர்போ

வேகமாகப் போவதற்கென்றே உருவான ஒன்றை மெதுவாகப் போகச் சொல்லக் கூடாது. இது கார்களுக்கும் பொருந்தும், எங்கள் அத்தைக்கும் பொருந்தும். அத்தை விஷயத்தில் இதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். கார் விஷயத்தில் தெரிந்துகொள்ள மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம், தொழிற்சாலை உத்தியோகம், அக்கா கல்யாணம் எல்லாம் தேவைப்பட்டன.

முதலில் கார். குவைத்திலிருந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்த காலத்தில், என் சித்தப்பா ஒரு பழைய காரைக் கொண்டுவந்தார். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஏதோ ஒரு வடதேசத்தில் பிறந்து, பாலைவனத்தில் வறுபட்டு, கப்பலேறி வந்து, கடைசியில் திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒதுங்கிய கார் அது. ஸ்டீயரிங் இடது பக்கம். கூரையில் திறந்து மூடும் ஜன்னல். முதுகில் வெள்ளி எழுத்தில் 'டர்போ'.

அது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் (தெருவில் கேட்காதவர்கள் கிடையாது) நான் பாடம் எடுப்பேன். இன்ஜினிலிருந்து வெளியே போகும் சூடான புகை வீணாகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். கார் பறக்கும். "பறக்குங்களா?" என்று பால்காரர் காரைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது அது செங்கல் மேல் நின்றபடி, காக்கைகளுக்கு ஓய்வுக் கூடமாக இருந்தது.

சித்தப்பாவுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. "நீதான் இன்ஜினியராச்சே, வெச்சுக்கோ" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் ஒரு காரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

முதல் தடவை நான் கிளப்பியபோது வந்த நீலப் புகையில் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. கொசுமருந்து வண்டி வந்திருப்பதாக எதிர்வீட்டில் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டார்கள். டர்போவின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, எண்ணெய் ஒழுகிப் புகையாகிறது என்று கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் கழிந்தன. டர்போவை அக்கக்காகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பாலக்கரை லேத் பட்டறையில் புது புஷ் கடையச் சொல்லி, பொருத்தி, பொருந்தாமல் மறுபடி பிரித்து... (அம்மா அந்த நாட்களில் வைத்த சாத்தமுதை, அதாவது ரசத்தை, யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மிளகு, சீரகம், மண்ணெண்ணெய்.)

ஆனால் சரியானதும் ஒரு விடியற்காலை மதுரை ரோட்டில் எடுத்துப் போனேன் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது, எங்கிருந்தோ மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். அடுத்த கணம் யாரோ நம் முதுகைப் பிடித்து சீட்டோடு அமுக்குவார்கள், புளியமரங்கள் பின்னால் ஓடும். விராலிமலை எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தேன். தனியாக, காருக்குள், தொழிற்சாலையில் 'மேடம் சிரிச்சே பார்த்ததில்லை' என்று பெயர் வாங்கிய நான்.

அப்பாவுக்கு இந்த இன்பம் புரியவில்லை. அவர் ரயில்வேயில் கணக்கு அதிகாரி. எதைப் பார்த்தாலும் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர். முசிறியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த அவருடைய நண்பர் வேறு, இன்ஜினைப் பம்ப்செட்டுக்கும் மிச்சத்தைக் கோழி அடைப்பதற்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அக்கா வேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசி முகூர்த்தம், ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரம். முதல்நாள் மாலை ஜானவாசம். அதாவது மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளுமாக வீதிவலம் அழைத்துவர வேண்டும். ஆனால் அதே முகூர்த்தத்தில் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணம். இருந்த ஒரே திறந்த காரை வேறு ஒரு கல்யாண வீட்டார் பிடித்துவிட்டார்கள்.

"நம்மாத்துக் கார் இருக்கேப்பா. மேல திறக்கறது" என்றேன்.

அப்பா இதிலும் பிரயோஜனம் பார்த்தார். "சரி. கோவில் வாசல்லேந்து சத்திரம் வரைக்கும் நடுவுல நிக்காம ஓடித்துன்னா வெச்சுக்கோ. மக்கர் பண்ணித்துன்னா, ஞாயித்துக்கிழமை முசிறிக்காரர் லாரியோட வருவார். அப்பறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். சிரிக்காமல் ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. மதுரை ரோட்டில் பறக்கிற காருக்கு ஸ்ரீரங்கத்து உத்திர வீதி ஒரு சோதனையா? வழக்கம்போல் பட்டியல் போட்டேன்: டயர் காற்று, பிரேக், டர்போ அழுத்தம், எண்ணெய், பிளக். ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். வேகமாகப் போவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருந்தது. சும்மா நிற்பதற்கு என்ன வேண்டும் என்று எந்த மடையனாவது பட்டியல் போடுவானா?

அன்று மாலை ஆஞ்சநேயர் சன்னதி வாசலுக்குக் காரைக் கொண்டுபோனபோது, அத்தை தயாராக இருந்தாள். கையில் பூக்கூடை. காரின் முன்பக்கத்தில் ரேடியேட்டருக்குக் காற்று போக வேண்டிய கம்பிவலை முழுவதையும், மல்லிகைச் சரத்தாலும் மருக்கொழுந்தாலும் ஊசிமுனை இடம் விடாமல் அடைத்தாள்.

"அத்தை, அது வழியாத்தான் இன்ஜினுக்குக் காத்து போகணும்."

"போடி. ஜானவாசக் கார் மூளியா நிக்கறதாவது. மூஞ்சில பூ வெச்சா காருக்கு மூச்சு முட்டிடுமோ?"

(முட்டும். ஆனால் அதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. நடக்கிற வேகத்தில் போகிற காருக்கு என்ன பெரிய சூடு வரப்போகிறது என்று மனக்கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் முதல் மார்க்.)

மாப்பிள்ளை வந்தார். பேங்க் உத்தியோகம், சாது, மெட்ராஸில் தைத்த கம்பளிக் கோட்டு, கழுத்தில் டை, அதற்கு மேல் ரோஜா மாலை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருடைய அம்மா, "பொண்ணா ஓட்டப்போறா?" என்றார். "இன்ஜினியராக்கும்" என்றாள் அத்தை, ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறினார். கூடவே பட்டுப்பாவாடைக் குழந்தைகள் சில. ஊர்வலம் கிளம்பியது.

கிளம்பியது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நாதஸ்வர வித்வான் நாலு அடி வைப்பார், நிற்பார், ராகத்தை விரிப்பார். தவில்காரர் பதில் சொல்வார். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பார்ப்பார்கள். பிறகு இன்னும் நாலு அடி. முதல் திருப்பம் வருவதற்குள் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டிவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஒரு மணம் கிளம்பியது. மல்லிகை வேகும் மணம்.

"ஆஹா, என்ன வாசனை!" என்றார்கள் வீதியில்.

கதவைத் திறந்து ஓடிப்போய் வித்வானிடம் சொன்னேன். "கொஞ்சம் சீக்கிரமா நடக்க முடியுமா?"

அவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். "என்னம்மா, மாப்பிள்ளை ஊர்வலம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? ரயிலைப் பிடிக்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே." சீவாளி திரும்ப வாய்க்குப் போனது. கல்யாணி ஆரம்பமானது. முழுசாக.

திரும்பும் வழியில் கம்பிவலையிலிருந்து ஒரு சரத்தைப் பிய்க்கப் பார்த்தேன். அத்தை எங்கிருந்தோ வந்து என் கையில் ஓர் அடி வைத்தாள். "ஜானவாசக் கார்லேந்து பூவைப் பிய்க்கறியே, கொஞ்சமாவது விவரம் இருக்கா?"

முள் சிவப்பை நெருங்கியது. இன்ஜினை அணைக்கலாம். அணைத்தால் நான் ஞாயிறு ஞாயிறாக உயிர்கொடுத்த டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் கரிந்து கட்டியாகிவிடும். தவிர, அந்தக் கார் சூடாக நின்றால் ஆறும்வரை கிளம்பாது. முசிறிக் கோழிகள் என் கண்முன் வந்து உட்கார்ந்தன.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பனி தேசத்துக் காரில் ஹீட்டர் உண்டு. இன்ஜினைச் சுற்றிவரும் கொதிநீரின் சூட்டை எடுத்து உள்ளே இருப்பவர்கள் மேல் ஊதும். அதை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

டர்போவா, நாளைக்கு எனக்கு அத்திம்பேராகப் போகிற அக்கா மாப்பிள்ளையா? பெரிய போராட்டமெல்லாம் இல்லை. குமிழைத் திருகினேன்.

அந்தக் காரைச் செய்தவர்கள் அன்பானவர்கள். பின்சீட்டில் இருப்பவர் குளிரில் வாடக் கூடாதென்று முன்சீட்டுக்கு அடியில் தனிக் குழாய் வைத்து, கால் பக்கமாகச் சூடான காற்று வரும்படி செய்திருந்தார்கள். அக்னி நட்சத்திரம் முடியாத திருச்சியில், கம்பளிக் கோட்டுக்குள் இருந்த ஒரு பேங்க் அதிகாரியின் பேண்டுக்குள் அந்தக் காற்று புகுந்தது. குழந்தைகள் புத்திசாலிகள், கதவைத் திறந்து குதித்துவிட்டன. மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. பெண்வீட்டுக் கார்களில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

முள் இறங்கியது! என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதுவும் இறங்கிப் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முள் இறங்க இறங்க அத்திம்பேர் சிவந்துகொண்டிருந்தார்.

"கோதை," என்றார் மெதுவாக. "உள்ள ஏதாவது எரியறதோ?"

"இல்லை அத்திம்பேர். எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப நான்தானா?"

கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் எழுந்து, கூரை ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். மாலையும் டையுமாக மாப்பிள்ளை திடீரென்று கார் உச்சியில் தோன்றியதும் வீதியில் ஒரே ஆரவாரம். தன் வாசிப்பைக் கேட்கத்தான் எழுந்து நிற்கிறார் என்று வித்வான் நெகிழ்ந்து, அங்கேயே நின்று இன்னொரு கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார். அத்திம்பேர் முகத்தில் வியர்வையில் பவுடர் கரைந்து, கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வழிந்தது.

அவருடைய அம்மா பார்த்துவிட்டார். "ஐயோ, கொழந்தை அழறானே! நிறுத்துங்கோ!"

நாதஸ்வரம் நின்றது. தவில் நின்றது. கார் மட்டும் நிற்கவில்லை, 'தடதட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. மாமி காரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டார்: "ஏண்டா, பொண்ணு பிடிக்கலையா? இப்பவே சொல்லிடு. ஒண்ணும் குடி முழுகிடலை."

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

"பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றார் அத்திம்பேர் வானத்திலிருந்து. "கார்தான் பிடிக்கலை. கால் வேகறது."

அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கோட்டைக் கழற்றியபோது அதிலிருந்து லேசாக ஆவி வந்ததாக அத்தை இன்றும் சத்தியம் செய்வாள். யாரோ கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மிச்ச வீதியை, ஈரச் சட்டையும் ரோஜா மாலையுமாக, நடந்தே வந்தார். அவருக்குப் பின்னால் காலிக் காரை, ஹீட்டரோடு, நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். நனைந்தது அவர் மட்டுமல்ல என்பதையும் பதிவு செய்கிறேன்.

சத்திரத்து வாசலில் ஆரத்தி காட்டும்போதும் இன்ஜினை அணைக்கவில்லை. டர்போ ஆற வேண்டுமே. அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை லாரி வரும்."

"வண்டி எங்கயுமே நிக்கலையேப்பா! நீங்க சொன்னது அதுதானே?"

"வண்டி நிக்கலை. மாப்பிள்ளை நின்னுட்டார். நன்னா இருக்கு உன் இன்ஜினியரிங்."

இன்ஜினை அணைத்து, சாவியை நீட்டினேன். அழவில்லை. ஆனால் முதல் தடவையாக அதன் எடை கையில் தெரிந்தது.

அதற்குள் குளித்து, வேஷ்டிக்கு மாறி, சம்பந்திகள் சூழ அத்திம்பேர் வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பானட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"மாமா, இந்தக் காரை யாருக்கும் குடுத்துடாதேள்."

"ஏன் மாப்ளே?"

"ஒரு நாள் நான் இதை ஓட்டணும். உங்க சின்னப் பொண்ணு என் கோட்டைப் போட்டுண்டு பின்னாடி உக்காரணும். ஹீட்டர் முழுசா. நல்ல வெயில் நாளாப் பார்த்து."

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாயால் கேட்ட ஒரே பொருள் இது. தங்கம் கேட்டிருந்தால்கூட அப்பா அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். ஆனால் மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. முசிறிக்காரர் வேறு இன்ஜின் பார்த்துக்கொண்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் கோடை லீவுக்கு அக்காவும் அத்திம்பேரும் வருகிறார்கள். வந்ததும் அவர் முதல் வேலையாகக் கார்ச் சாவியை வாங்கிக்கொள்வார். விடியற்காலையில் நாங்கள் இருவரும் மதுரை ரோட்டுக்குப் போவோம். அவர் ஓட்டுவார், நான் முன்சீட்டில், ஜன்னலெல்லாம் திறந்து. விசில் கிளம்பும்போது அந்தச் சாது சத்தம் போட்டுச் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா வாசலில் காத்திருப்பார்: "என்ன மாப்ளே, அந்தத் தண்டனையை நிறைவேத்தியாச்சா? காரைக் குடுத்துடலாமோல்லியோ?"

போன மே மாதமும் கேட்டார். தெருவில் தார் உருகி, செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அத்திம்பேர் கழுத்து வியர்வையைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். வானத்தை ஒரு தடவை கவலையோடு பார்த்தார்.

"இன்னிக்குச் சில்லுனு இருக்கே மாமா," என்றார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."