டீ கொடுத்துப் பேச்சை நிறுத்தியவள்

மொழியை ஆராய்பவர் மற்றவர்களைப் பேசவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். நானோ ஒரு ஹால் நிறைய இருந்தவர்களின் பேச்சையே நிறுத்திக் காட்டியவள்.

காது கேளாதோரின் சைகை மொழிதான் என் ஆராய்ச்சி. பேச்சில் ஒலிகள் சேர விதி இருப்பதுபோல, சைகையில் கையின் வடிவமும் இடமும் அசைவும் சேர்வதற்கும் விதி உண்டு. (இதை அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் பாதிப் படிப்பு முடிந்துவிட்டது.) கைடு மேடம் பொறுமை இழந்து, "திங்கட்கிழமை ரெக்கார்டிங் காட்டலைன்னா டாபிக்கை மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கமே போச்சு.

ஞாயிறு சர்ச் முடிந்ததும், அங்கே பழக்கமான ஸ்டெல்லா அக்கா தன் கணவரையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் காது கேளாதவர்கள், அரட்டையில் மன்னர்கள். கேமராவை ஆன் செய்தேன்.

"வந்தவங்களுக்கு முதல்ல கையில ஏதாவது கொடுடி" என்றாள் அம்மா, கிச்சனிலிருந்து. கொடுத்தேன். ஆளுக்கு ஒரு கையில் பஜ்ஜித் தட்டு, மறு கையில் டீ டம்ளர். டீப்பாயைக் கேமராவுக்கு இடைஞ்சல் என்று நானே வெளியே தள்ளியிருந்தேன்.

ஹாலில் ஒரு விரல் அசையவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. பதறிப்போய், "கீழே வையுங்க" என்று சைகை செய்தேன், என் கையிலிருந்த டம்ளரோடு. டீ மொத்தமும் ஸ்டெல்லா அக்காவின் பட்டுப்புடவையில். (நல்லவேளை, ஆறியிருந்தது.)

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அக்கா டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் என்னைத் திட்ட ஆரம்பித்தார். பஜ்ஜித் தட்டை மட்டும் விடவில்லை. சில சைகைகள் ஒரு கையிலேயே முடிந்தன. சிலவற்றுக்கு இரண்டு கையும் இல்லாமல் தீராது. அதற்குக் கணவரின் தோளையே இன்னொரு கையாக வைத்துத் தட்டினார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் சேர்ந்துகொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வீடியோவைப் பார்த்த கைடு மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "எந்தக் கையை விடலாம், எதை விடக்கூடாதுன்னு இவங்களே காட்டுறாங்களே! இதாம்மா உன் தீசிஸ்!"

அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கினேன். சைகை மொழியில் நமக்கான பெயரைக் காது கேளாதவர்கள்தான் வைக்கவேண்டும். விழா மேடையில் நான் ஏறியதும் ஸ்டெல்லா அக்கா எழுந்து நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: டம்ளரைப் பிடிப்பதுபோல் கையை வளைத்து, அப்படியே ஒரு கவிழ்ப்பு. அவர் கணவரும் கவிழ்த்தார். பக்கத்தில் என் அம்மாவும் கவிழ்த்தாள்.

இன்றும் தாம்பரம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்திலிருந்து யாராவது அப்படிக் கவிழ்த்தால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையாட்டுகிறேன்.