ஹாலிஎலயிலிருந்து லுணுகலைக்கு ஒரு சுரங்கம்

வர்ற ஞாயிற்றுக்கிழமை யார் வந்து கெஞ்சினாலும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று இராயப்பன் சபதம் போட்டான். மற்றவர்கள் கெஞ்சினால் பரவாயில்லை. மனைவி செசிலி கெஞ்ச மாட்டாள், கேள்வி கேட்பாள். அதுதான் பயம்.

செசிலியின் அம்மா இருப்பது லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். கூரைத் தகரம் எல்லாம் ஓட்டை.

"ஏங்க, மழை பேஞ்சா அம்மா சட்டியையும் வாளியையும் வச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருக்காங்க. எனக்கு இங்க தூக்கமே வரமாட்டேங்குது. ஞாயித்துக்கெழமை போய்த் தகரத்த மாத்திருவோம்."

மாமியார் மேல் இராயப்பனுக்குப் பாசம்தான். ஆனால் ஏணியைக் கண்டாலே அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

"எப்படிம்மா வர்றது? நான் நகந்தா மூணு ஊரு ஊமையாயிருமே!"

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இராயப்பன் லைசன்ஸ் எடுத்த அமெச்சூர் ரேடியோக்காரன். பண்டாரவளை அலவியோடும் லுணுகலை ரமேஸோடும் ரேடியோவில் பேச அவனுக்குக் கொள்ளை ஆசை. நடுவில் மலைகள் குந்திக்கொண்டு அலையை மறித்தன. விடுவானா மனுஷன்? மூன்று வீட்டு ரேடியோவோடும் ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கோர்த்தான். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இன்டர்நெட்டுக்குள் விபிஎன் என்றொரு சுரங்கம் தோண்டினான். இங்கே ரேடியோவில் பேசினால் குரல் சுரங்கத்தில் ஓடி, மலைக்கு அந்தப் பக்கத்து ரேடியோவில் எட்டிப் பார்க்கும். யார் குரல் எந்த வழியில் போவது என்று உத்தரவு போடுவது ஹாலிஎலயில் இவன் வீட்டுப் பெட்டி. ஞாயிறு காலை திறப்பு விழா.

"வேலை செய்யிறது பெட்டிதான? நீங்க எதுக்குங்க அங்க?"

"கங்காணி இல்லாமத் தோட்டத்துல ஆளெடுக்கிற பெரட்டு நடக்குமா?"

செசிலி சரியென்று தலையை ஆட்டினாள். அடுப்படிக்குப் போய் யாருக்கோ போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஜெயிச்சாச்சுடா இராயப்பா என்று இவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

ஞாயிறும் வந்தது. மைக்கைப் பிடித்துப் பெயர் கூப்பிட்டான்.

"பண்டாரவளை?"

"இருக்கேன் அண்ணே! பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்கு!" இது அலவி.

"லுணுகலை?"

"கண்ணாடி மாதிரி கேக்குதுண்ணே!" இது ரமேஸ்.

அடேங்கப்பா! இத்தனை மலையையும் துளைத்தாயிற்று. இராயப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஊவா மாகாணமே எழும்பி நின்று கை தட்டுவதாக நினைத்துக்கொண்டான்.

அப்போது அலவி மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, ஒரு சந்தேகம். பெட்டிக்குப் பக்கத்துலயே நீங்க குந்தியிருக்கணுமா? எழும்பிப் போனா அறுந்துருமா?"

எவ்வளவு கேவலமான கேள்வி! இராயப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அறுந்து போக இது என்ன கொடிக்கயிறா? என் போனுக்கும் ஒரு சுரங்கம் வெட்டி வச்சிருக்கேன்டா! பதுளை டவுன்ல நின்னுக்கிட்டும் நடத்துவேன், ஓடுற பஸ்ல தொங்கிக்கிட்டும் நடத்துவேன். நீ எந்த ஊரச் சொன்னாலும் சரி!"

"லுணுகலைண்ணே."

"லுணுகலை என்னடா பெரிய லுணுகலை! இப்பவே போய் நடத்திக் காட்டவா?"

"காட்டுங்க அண்ணே. இதக் கேக்கச் சொன்னது என் பொஞ்சாதி ஸஹ்ரா. அவகிட்டச் சொல்லி வச்சது உங்க வீட்டு செசிலி அக்காதான்."

"வாங்கண்ணே," என்றான் ரமேஸ், லுணுகலையிலிருந்து, கண்ணாடி மாதிரி. "ஏணிய எடுத்து வைக்கிறேன்."

இராயப்பன் மெல்லத் திரும்பினான். வாசலில் செசிலி, வெளியூர்ச் சேலையில். கையில் இருந்த பையிலிருந்து சுத்தியலின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

"வெளிக்கிடுங்க, பஸ் வந்துரும். அம்மா வீட்டுக் கூரை நல்ல ஒசரம். மேல ஏறி நின்னீங்கன்னா போன்ல சிக்னல் அள்ளிக்கிட்டு வரும்."