சம்பந்தியின் கோட்டும் ஏழு முயல்குட்டிகளும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், தங்கள் மகனும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சுகம் நீடிக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

சென்ற மாதம் இங்கு வந்திருந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிய அவசரத்தில் விட்டுச்சென்ற பெட்டியை, உள்ளே இருக்கும் கோட்டோடு உடனே அனுப்பச் சொல்லி இந்த நாலு நாளில் மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை தங்களுக்கு ஆபீசில் பிரிவுபசார விழா, குரூப் போட்டோ, அந்தக் கோட்டில்தான் நடுநாற்காலியில் உட்காரப்போகிறீர்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல, பயம். என் கோட்டையாவது அனுப்பலாமா என்றும் யோசித்தேன். பிள்ளைகள் கல்யாணத்துக்கு நாம் இருவரும் ஒரே துணியில், ஒரே தையற்காரரிடம் தைத்துக்கொண்டதுதானே; பெட்டிகூட ஜோடியாக வாங்கியதுதான். ஆனால் தங்கள் வயிறு என் கோட்டுக்குள் அடங்காது. வயிற்றுப் பக்கம் பிரித்துத் தைக்கத்தானே தங்கள் கோட்டையே இங்கு கொண்டுவந்தீர்கள்!

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆனபின் பொழுது போகாமல் முயல் வளர்க்கிறேன் அல்லவா? வெள்ளச்சி, சாம்பலி என்று இரண்டு பெண் முயல்கள், இரண்டுமே கர்ப்பம். முயல் விற்றவர், "முப்பது நாள்ல குட்டி போடும் சார். மூணு நாள் முன்னாடி ஏதாவது ஒரு பெட்டில வைக்கோல் போட்டு வெச்சிடுங்க, மத்ததை அதுவே பாத்துக்கும்" என்றார். ஏதாவது ஒரு பெட்டியாம்! முப்பத்தொரு வருஷம் கட்டட அனுமதிப் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் வீட்டு வரைபடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியவனிடம் சொல்கிற வார்த்தையா இது? முறைப்படி வரைபடம் போட்டேன். நீளம் ஒன்றரை அடி, அகலம் ஓர் அடி, தாய் தாவி ஏறவும் குட்டி உருண்டு விழாமலிருக்கவும் முன்சுவர் அரை அடி, ஈரம் வடியத் தரையில் துளைகள், காற்றோட்டத்துக்கு இரண்டு ஜன்னல். முதல் பெட்டியைப் பிளைவுட்டில் செய்து, புதுவீடு பழகட்டுமே என்று இருபது நாள் முன்னதாகவே கூண்டில் வைத்தேன். வெள்ளச்சி ஒரு மணி நேரம் சுற்றிச்சுற்றி மோந்து பார்த்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் அதைக் கக்கூஸாக வைத்துக்கொண்டாள். "சீக்கிரமே வெச்சா அப்படித்தான் சார்" என்கிறார் முயல்காரர். இதை முதலில் சொன்னால் என்னவாம்?

இரண்டாவது பெட்டி, பழப்பெட்டிப் பலகையில் செய்தது. கூரை போட்டு, வட்டமாக வாசல் வைத்து, வெள்ளச்சியின் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்து அளவெடுத்துச் செய்தேன். அளவெடுத்தது கர்ப்பத்தின் பதினைந்தாம் நாள். பெட்டி வைத்தது இருபத்தெட்டாம் நாள். நடுவில் அவள் என்ன ஆவாள் என்பதை நான் யோசிக்கவில்லை. தலையும் முன்னங்கால்களும் உள்ளே போய்விட்டன, பாக்கி வெளியே நின்றுவிட்டது. பின்வாங்கினாள், பெட்டியும் கூடவே வந்தது. அதை மாட்டிக்கொண்டே கொல்லை முழுக்க ஓடி, துணி அலசி வைத்த வாளியைக் கவிழ்த்துவிட்டாள். என் மனைவி கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நீங்க கட்டின வீடு நடந்து போவுது, பிடிங்க!" என்று சிரிக்கிறாள். அவள் முயலைப் பிடித்துக்கொள்ள, நான் ரம்பத்தால் வாசலை அறுத்து, ஒருவழியாக விடுதலை செய்தோம். மூன்றாவதற்கு எனக்குத் தெம்பில்லை. சமையலறை அலமாரியின் இழுப்பறையை உருவி, கரண்டிகளைத் தரையில் கொட்டிவிட்டு, அதையே வைத்தேன். அளவு அச்சாகப் பொருந்தியது. வெள்ளச்சி வாய் நிறைய வைக்கோலைக் கவ்வினாள். குட்டி போடப்போகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளமாம். கவ்விக்கொண்டு இழுப்பறையைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போய்விட்டாள். கீல் சரிபார்க்கக் கூண்டுக் கதவை நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

தேடாத இடமில்லை. கடைசியில் கட்டிலுக்கடியில் கண்டோம், தங்கள் பெட்டியில். கோட்டு புழுங்கக் கூடாதே, காற்றாடட்டும் என்று நான்தான் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். ஏழு குட்டிகள் சம்பந்தி! ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. கண் திறக்கவில்லை, ரோமம் முளைக்கவில்லை. தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கி, கோட்டின் உள்துணியைப் பல்லால் நார்நாராகக் கிழித்து, இரண்டையும் கலந்து மெத்தை போட்டிருந்தாள். வரைபடம் இல்லை, அனுமதி இல்லை, ஆனால் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து நாளைக்குப் பெட்டிய அசைக்காதீங்க. பயந்துச்சுன்னா குட்டிங்களை விட்டுட்டுப் போயிடும்" என்கிறார் முயல்காரர். இன்று நாலாவது நாள். ஆகவே கோட்டு வெள்ளிக்கிழமைக்கு வராது. தங்களுக்கு ஒரு போட்டோ, அதுகளுக்கு உயிர். என்னால் வேறு மாதிரி முடிவெடுக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் என் மகளிடம் காட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, எட்டிப் பார்த்த வரையில் அந்தக் கோட்டில் வயிற்றுப் பக்கம் பிரித்த அடையாளமே இல்லை. தையற்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "சார், என் கையால நாலு விரல் அகலம் பிரிச்சேன் சார்" என்று சத்தியம் செய்தார். பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது, அந்தக் கோட்டுப் பையிலிருந்து ஆறு மிட்டாய்த் தாள்கள் எட்டிப் பார்க்கின்றன. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்குத் தெரியாமல் இது தேவையா? "பார், மனுஷனுக்கு நாக்கு அடங்கலை. எனக்கும்தான் சர்க்கரை, நான் எப்படிக் கட்டுப்பாடா இருக்கேன்!" என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

செய்த பிழைக்கு ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்கிறேன். ஈடாக, ஏழில் நாலு குட்டி தங்களுக்கு. பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்களுக்கு நிறையப் பொறுமை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் என் மனைவி, "உங்க கோட்டையே அவர் வயித்துக்குப் பிரிச்சுத் தெச்சா என்ன?" என்று பரண்மேல் இருந்த என் பெட்டியை இறக்கினாள். உள்ளே இருந்த கோட்டில் ஏற்கெனவே நாலு விரல் அகலம் பிரித்துத் தைத்திருக்கிறது. அதாவது, அதுதான் தங்களுடையது. வீடு கழுவியபோது பெட்டி இரண்டும் மாறிவிட்டன போலும். வெள்ளச்சி குட்டி போட்டிருப்பது என் கோட்டில். ஆகவே மேலே கேட்ட ஆயிரம் மன்னிப்பையும், கொடுத்த நாலு குட்டிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோட்டு நாளைக் காலை பஸ்ஸில் வந்துவிடும். "அப்ப அந்த மிட்டாயெல்லாம் யாருதுங்க?" என்று என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பதால், இத்துடன் முடித்துக்கொண்டு தையற்காரரைப் பார்க்கப் போகிறேன்.

பி.பி.கு.: தையற்காரர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். போகும்போது தங்கள் கோட்டு காற்றாடட்டும் என்று பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். சாம்பலிக்கு என் கணக்குப்படி இன்னும் நாலு நாள் இருக்கிறது. கூண்டுக் கதவு இன்னும் மாட்டவில்லை. மேலே திரும்பப் பெற்ற மன்னிப்பை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். இவளுக்கு ஐந்து, ஐந்தும் தங்களுக்கே. போட்டோவுக்குச் சட்டையோடு உட்காருங்கள் சம்பந்தி, இப்போது இரண்டு கோட்டிலும் ஆள் குடியிருக்கிறது.