மிச்ச விஸ்கியும் ரீவொர்க் அண்ணனும்

இந்த உலகத்தில் தூக்கி எறிய வேண்டிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது என்பதை நிரூபிப்பதற்கென்றே பிறந்தவர் ரீவொர்க் அண்ணன்.

ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம்: நான், சுரேஷ், அண்ணன். மூவருக்கும் மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலை. அண்ணன் அங்கே குவாலிட்டி செக்கிங். கோணலாக வந்த பாகத்தைச் சரிசெய்து மறுபடி அனுப்பினால் அது ரீவொர்க். குப்பைக்குப் போனால் ஸ்கிராப். அண்ணன் கைக்கு வந்த எதுவும் ஸ்கிராப் ஆனதாகச் சரித்திரமே இல்லை. பெயர் அப்படி வந்ததுதான்.

வீட்டிலும் அதே கதை. ராத்திரி மிஞ்சிய சப்பாத்தி காலையில் உப்புமாவாகும். உப்புமா மிஞ்சினால் சாயங்காலம் கட்லெட். கட்லெட்டும் மிஞ்சினால், "கவலப்படாத தம்பி, நாளைக்கு வேற ரூபத்துல வரும்" என்பார். வரும்.

எனக்குப் பதவி உயர்வு வந்தபோது விருந்துக்கு விஸ்கி வாங்கினேன். அன்றைக்குப் பார்த்து எல்லோரையும் ஓவர்டைமில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வந்தது இரண்டே பேர். ஒரு முழு பாட்டிலும் ஒரு அரை பாட்டிலும் அப்படியே நின்றன. நானும் சுரேஷும் எப்போதாவது தொடுகிற ஆட்கள். அண்ணன் தொடவே மாட்டார். "நாக்கு பேஜாராயிடும்பா. அப்பால உப்பு, காரம் எவன் பாக்கறது?"

ஆனால் சும்மாவும் விடவில்லை. பஞ்சில் விஸ்கியைத் தொட்டு ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஃபிரிட்ஜ் கதவில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். வீட்டுக்குள் நுழைந்தால் சுவரே லேசாகத் தள்ளாடுவது போல ஒரு வாசனை.

அந்த நேரத்தில்தான் எனக்கு வரன் வந்தது. பெண் பவித்ரா. அப்பாவுக்குத் திருநீர்மலையில் ஹார்டுவேர் கடை. 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்க்க வருகிறோம்' என்று தகவல். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினேன். அண்ணன் குறுக்கே நின்றார்.

"இன்னா பண்ற?"

"ஊத்தப் போறேண்ணே. அவங்க பாத்தா என் கல்யாணம் காலி."

"நல்ல சரக்கை ஊத்துனா அதுக்குப் பேரு ஸ்கிராப். நான் உசுரோட கீற வரைக்கும் இந்த வூட்ல அது நடக்காது."

"வேற என்னதான் பண்றது? மாமனார் மடியில வைக்கறதா?"

"மத்தியானம் சிக்கன் பண்றேன், நமக்கு மட்டும். சாயங்காலம் அவங்களுக்கு பஜ்ஜி, காபி. இன்னா இப்போ?"

ஞாயிறு பகலில் வெங்காயம் சிவந்து, கோழி வதங்கியதும் விஸ்கியை விட்டார். தீ குபீரென்று எழும்பி எக்ஸாஸ்ட் ஃபேன் வரை போய் எட்டிப் பார்த்தது. பல மாதமாக நாங்கள் அடிக்காமல் விட்ட ஒட்டடை ஒரே நொடியில் காணாமல் போயிற்று. சுரேஷ் தன் புருவம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். அண்ணன் அசையவில்லை. "பாத்தியா, கிளீனிங்கும் முடிஞ்சுது" என்றபடி வெல்லத்தையும் மிளகையும் தூவினார்.

வாணலியை இறக்கவும் காலிங்பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் பவித்ராவும் அவள் அப்பாவும்.

"சாயங்காலம் கடைக்கு லோடு வருது. அதான் இப்பவே வந்துட்டோம்" என்றவர் மூக்கை உயர்த்தினார். "என்ன வாசனை இது?"

"சிக்கன் சார்" என்றேன்.

"நல்ல பசி. போடச் சொல்லுங்க தம்பி."

இருவரையும் உட்கார வைத்துத் தட்டு போட்டேன். அண்ணன் கரண்டியோடு வந்தார். தட்டுக்கு நேரே கை நின்றது. "சார், ஒரு நிமிஷம். சொல்லாம போட மாட்டேன். இதுல விஸ்கி கீது."

என் கல்யாணம் என் கண்ணெதிரிலேயே கண்ணை மூடியது.

"யாரோட விஸ்கி?" என்றார் பவித்ராவின் அப்பா.

"தம்பியோடதுதான். புரோமோஷன் பார்ட்டிக்கு வாங்கினது, மிஞ்சிப் போச்சு. ரெண்டு வாரம் ஆவுது. இன்னொரு ஃபுல்லு பிரிக்காமயே கீது."

அவர் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். முழு பாட்டிலை எடுத்து மூடியை உற்றுப் பார்த்தார். சீல் உடையவில்லை. திரும்பி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு பசங்க இருக்கற வீட்ல, ரெண்டு வாரமா விஸ்கி மிஞ்சிக் கெடக்குதா?"

"ஆமா சார்" என்றேன், மரண வாக்குமூலம் மாதிரி.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "பவி, தொடவே மாட்டேன்னு சொன்னவன் நெறைய பேர் வந்துட்டான். மிச்சம் வச்சவன் இன்னைக்குத்தாம்மா வந்திருக்கான்!"

"நீங்க பேசிக்கிட்டே இருங்கப்பா" என்ற பவித்ரா தட்டை அண்ணன் பக்கம் நீட்டினாள். "அண்ணா, அந்த ஈரல் எனக்கு."

வாணலியில் ஒரு துளி மசாலாகூட மிஞ்சவில்லை. எங்கள் வீட்டு வரலாற்றில் ரீவொர்க் பண்ண ஒன்றுமில்லாமல் அண்ணன் கை கழுவிய ஒரே நாள் அது. மாமனார் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீழே இறங்கும்போதே தேதி பேசினார். அண்ணன் மாடிப்படியில் நின்று, கோப்பை ஜெயித்த கேப்டன் போலக் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

கல்யாணத்தன்று, "மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவங்க மேடைக்கு வாங்க" என்று போட்டோகிராபர் கத்தினார். என் வீட்டில் நான் ஒரே பிள்ளை. ஆனாலும் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"சாம்பார்ல உப்பு பாத்துட்டு இருப்பாரு. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றேன்.