முதலில் உறவு, பிறகு பில்டர்

சுங்கை பட்டாணியில் தண்ணீர் பில்டர் விற்கும் கடை ஒன்று யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. குழாயில் கலங்கல் வந்தால் மக்கள் வருவார்கள். கடையில் வேலை பார்க்கும் வாசுகி பில்டரை எடுத்துக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த அவலத்தைக் கம்பெனித் தலைமையகம் கண்டுபிடித்தது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே 'உளமார்ந்த உறவு' இல்லையாம். அதை உண்டாக்குவதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து உறவு மேம்பாட்டு அதிகாரி தயாநிதி அனுப்பிவைக்கப்பட்டார்.

"உறவு மலரும்வரை பில்டர் என்ற சொல்லே உன் வாயில் வரக்கூடாது," என்றார் அவர்.

"அவங்களே கேட்டா, சார்?"

"பேச்சை மாற்று. அவசரப்படுகிறவர் இன்னும் நம்மை நேசிக்கவில்லை என்று அர்த்தம்."

முதலில் அகப்பட்டவர் சிடாம் கிரியில் இருக்கும் கனகரத்தினம், ஓய்வு பெற்ற அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா.

"பிள்ளை, பில்டர் ஒண்டு தா. குழாயில தேத்தண்ணி மாதிரி வருது."

தயாநிதி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாசுகி சிரித்தாள்.

"சின்ன வயசுல எதுக்கு ரொம்ப ஆசைப்பட்டீங்க, அங்கிள்?"

"என்ன?"

"மனசுவிட்டுச் சொல்லுங்க லா."

கனகரத்தினம் கத்திவிட்டுப் போனார். "உரிமை உள்ள இடத்தில்தான் கோபம் வரும்!" என்று தயாநிதி கை தட்டினார்.

தண்ணீர் தெளியாததால் கனகரத்தினம் மறுபடியும் வந்தார். வேறு வழியின்றி மனசுவிட்டார். கெடா மாநிலத்துக்கு ஹாக்கி ஆட ஆசைப்பட்டாராம்; அப்பா கிராணி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாராம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. வாசுகி ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாள்.

செய்தி பரவியது. கோலா கெத்திலிலிருந்து பிச்சையம்மாள் பஸ் ஏறி வந்து, தன் மருமகளைப் பற்றி மத்தியானம்வரை பேசினார். கடையில் உட்கார நாற்காலி போதவில்லை. பில்டர்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஒருநாள் வாசுகி தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள். "அங்கிள், அந்த பில்டர் இன்னும் வேணுமா?"

கனகரத்தினத்தின் முகம் வாடியது. "உனக்கும் எனக்கும் நடுவில வியாபாரமோ, பிள்ளை? நான் எதிர்க்கடையில வாங்கியிட்டன்."

எதிர்க்கடைக்காரர் சிவநேசன் யார் முகத்தையும் பார்க்காமல் பொருளைக் கொடுத்து அனுப்புகிறவர்.

ஆண்டு முடிவு விழாவில், வட மாநிலங்களிலேயே சிறந்த உறவுக்கான கேடயம் இந்தக் கிளைக்குக் கிடைத்தது. விற்பனை இல்லாததால் கிளை மூடப்படுவதையும் தயாநிதி அதே மேடையில் அறிவித்தார். வாடிக்கையாளர்கள் உண்மையாகவே அழுதார்கள். நாசி பிரியாணியையும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தயாநிதிக்குப் பதவி உயர்ந்தது. வாசுகிக்குச் சிவநேசன் கடையில் வேலை கிடைத்தது.

அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. கொஞ்ச நாளிலேயே அவள் மனம் அந்தப் பழைய முகங்களைத் தேடியது. அப்படி இருக்கும்போதுதான் கனகரத்தினம் புது பில்டர் வாங்க உள்ளே வந்தார். வலது கையில் பெரிய கட்டு.

"ஐயோ அங்கிள், கையில என்ன ஆச்சு?"

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் ஒரு வாடிக்கையாளரிடம் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி அது.

கனகரத்தினம் வாசலிலேயே நின்றார். "இஞ்சயும் தொடங்கியிட்டினமோ?" என்றவர், திரும்பிப் பார்க்காமல் அடுத்த கடையைத் தேடி நடந்தார்.