தட்டத்தோடு போன தலைவர்

லா சப்பல், பாரிஸ்.

மதிப்புக்குரிய யோகராணி அக்காவுக்கு,

தம்பி வரதராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் நோ குறைந்திருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன். இங்கு நானும் கோசலையும் பிள்ளையும் சுகம்.

நிற்க, எங்கள் வர்த்தகர் சங்கத் தலைவர் தேர்தலில் நான் நின்றதை அறிவீர்கள். எதிரே நின்றவர் புடவைக்கடை இராஜேந்திரன். அவர் வாய் திறந்தால் சுவர்ப் பல்லியும் வாக்குப் போடும். எனக்குக் கதைக்க வராது. போனமுறை தோத்தது காணாதெண்டு இந்தமுறையும் தோத்தால் கோசலையின்ரை ஆக்களுக்கு முன்னாலை தலை காட்டேலாது. அப்பத்தான் எங்கடை மகள் தர்மிளா வழி சொன்னாள். ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மன் ராசா ஒருத்தர் பாப்பரசரிட்டை முடி சூட றோமுக்குப் போன பயணத்தைப் பற்றித்தான் அவளின்ரை ஆராய்ச்சி.

"முடி கடைசிச் சடங்கு, அப்பா. வழியிலை எந்த ஊர் கதவைத் திறந்து விருந்து வைக்குதோ, அது அவரை ராசாவெண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. அரசியல் முழுக்க றோட்டிலைதான்" எண்டாள்.

விடுவனே? தேர்தலண்டு வேட்டி சால்வையோடை மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவடியிலை துவங்கி, பிலிப்-து-ஜிரார் தெரு வழியா ஒவ்வொரு கடையா ஏறினன். வெறுங்கையோடை போகப்படாதெண்டு கோசலை பட்டுச்சீலை உடுத்து, வெத்திலை பாக்கு, குங்குமத்தோடை தட்டமும் ஏந்தி வந்தா. அதிலைதான் பிழைச்சுது. எங்கடை சனம் புருசன் பெண்சாதியைத் தட்டத்தோடை கண்டால் வேறை என்ன நினைக்கும்? சலூன் கஜன் கத்திரிக்கோலைப் போட்டிட்டு ஓடிவந்து, தர்மிளாவுக்குக் கலியாணமோ அண்ணை, கட்டாயம் வருவன், என்ரை வாக்கும் உங்களுக்குத்தான் எண்டு தேத்தண்ணியை நீட்டிறான். ஊர் கதவைத் திறந்திட்டுது, அக்கா! நான் எப்பிடி இல்லையெண்டுறது? "ஓம்" எண்டிட்டன். அந்த ஓம் என்னை முந்திக்கொண்டு ஓடி, அடுத்த கடைகளிலை வடையும் லட்டும் ஆயத்தமா நிண்டுது. பாண்கடை ஆன்ஜெலிக்கும் கன்னத்திலை கொஞ்சி வாழ்த்தினாள். கலியாணப் பொம்பிளையின்ரை தகப்பனுக்கு எதிரா வாக்குப் போட்டு ஆர் விருந்தை இழப்பினம்? வெண்டிட்டன். இராஜேந்திரனே வந்து கை குடுத்தார், ஒரு மாதிரிச் சிரிப்போடை.

வீட்டை போய்ப் பயந்து பயந்து பிள்ளைக்குச் சொன்னன். கோவிக்கேல்லை. "அந்த ராசாவும் முடி வைக்க முதல் றோமிலை கலியாணம் கட்டினவர், அப்பா" எண்டிட்டு அறைக்குள்ளை போட்டாள். எனக்கு விளங்கேல்லை.

இப்ப நீங்கள்தான் காப்பாத்தவேணும். இஞ்சையிருந்து ஆரும் போன் எடுத்துக் கேட்டால், மாப்பிள்ளை வீட்டிலை செத்தவீட்டுத் துடக்கு, கலியாணம் தள்ளிப்போகுது எண்டுங்கோ.

வணங்கி, வாழ்த்தை எதிர்பார்க்கும்,
தம்பி வரதராசா
(சங்கத் தலைவர்)

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் வாசல் மணி அடிச்சுது. திறந்தால் இராஜேந்திரன், பெண்சாதி, கையிலை தட்டம், பின்னாலை அவையின்ரை மகன் கிருஷாந்த். அவனும் தர்மிளாவும் கனகாலமா விருப்பமாம். தகப்பன்மாரின்ரை போட்டிக்குப் பயந்து வாய் திறக்கேல்லையாம். என்ரை ஓமைக் கேள்விப்பட்டு, நான் விசயம் அறிஞ்சு சம்மதிச்சிட்டன் எண்டு நினைச்சு வந்திருக்கினம். சந்தோசத்திலை அழுதுபோட்டன், அக்கா. சம்பந்தியோடை போட்டி என்னத்துக்கு, தலைவர் பதவியை அவருக்கே குடுத்திட்டன். நீங்கள் கலியாணத்துக்கு வர வீசாவுக்குப் படம் எடுங்கோ. துடக்கெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.